இளமையிற் கேட்ட பாடல்: ஏக்கமும் மதிப்பீடும்

"அந்தக் காலப் பாட்டுகளுக்கு ஈடேது?" என்னும் வினா எம்மிடையே விடையை வேண்டிக் கேட்கப்படுவதில்லை. திருமண வீட்டிலும் பேருந்துப் பயணத்திலும் ஓய்வுபெற்றோர் கூடும் வாசிகசாலைத் திண்ணையிலும் அது ஒரு தீர்ப்பாகவே வழங்கப்படுகின்றது. கேட்டிருப்பவர் ஒத்த வயதினராயின் தலையசைப்பார். இளையவராயின் மரியாதை கருதி மௌனம் காப்பார். ஆயினும் தீர்ப்பு வழங்குபவரின் குரலைச் சற்று உற்றுக் கேட்டால், நீதிபதியின் குரலிலும் பார்க்க எதையோ பறிகொடுத்தவரின் குரலே அதில் மேலோங்கி நிற்பதை உணரலாம். இழப்பின் துயரம் மதிப்பீட்டின் மொழியிற் பேசுகின்றது. இவ்விரண்டும் ஒன்றா, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்குமா, பிறப்பின் அப்பிறப்பு நேர்மையானதா என்பனவே ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள். விடயம் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால், கடந்த காலத்தை எவ்வாறு நினைவுகூர்வது என்ற பெருவினா பலரிடம் முதன்முதலில் ஒரு பாடலின் உருவிலேயே வந்து சேர்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வேக்கத்துக்கு மேலைத்தேயத்தில் எழுதப்பட்ட ஒரு வரலாறு உண்டு. 1688 ஆம் ஆண்டிலே பாஸல் நகரில் யொகான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர் தமது ஆய்வேட்டில், மீளத் திரும்புதலையும் நோவையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'நொஸ்ரால்ஜியா' என்னும் சொல்லை ஆக்கினார். அவருக்கு அது ஒரு நோயின் பெயர். பிறநாடுகளிற் கூலிப்படையினராயும் மாணவராயும் வாழ்ந்த சுவிஸ் நாட்டவரை அந்நோய் பீடித்தது என்பர். மலைச்சாரல்களில் மாடு மேய்ப்போர் இசைக்கும் ஒரு மெட்டே அதனைத் தூண்டும் என்ற நம்பிக்கையும் பின்னர் பரவிற்று.

1768 இல் வெளிவந்த தமது இசை அகராதியில் ரூசோ இம்மெட்டைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். சுவிஸ் படையினரிடையே அதனை இசைப்போருக்கு மரண தண்டனை என விதிக்கப்பட்டிருந்ததாம். கேட்டவர்கள் அழுதார்கள், படையை விட்டு ஓடினார்கள், அல்லது மாண்டார்கள். ரூசோவின் சிறப்பு இதன்பின் அவர் செய்யும் ஆராய்ச்சியில் உள்ளது. இம்மெட்டு அந்நியரிடம் எவ்விளைவையும் ஏற்படுத்துவதில்லை; எனவே விளைவுக்கான காரணம் மெட்டில் இல்லை என்கிறார் அவர். பழகிய வாழ்வும் நாட்டின் நினைவும் இளமையின் களிப்புகளுமே கேட்போரைக் கலக்குகின்றன. அவ்விடத்து இசையானது இசையாகத் தொழிற்படவில்லை, நினைவுக் குறியாகத் தொழிற்படுகின்றது. மெட்டு மாறாதிருக்கவும், தமது காலத்துச் சுவிஸ் மக்கள் பழைய எளிமையில் நாட்டம் இழந்துவிட்டமையால், முன்னைய விளைவு அவர்களிடத்தும் காணப்படவில்லை என்றும் அவர் எழுதுகின்றார்.

இதற்கு முப்பது ஆண்டுகளின் பின், 1798 இல், கான்ற் தமது மானிடவியல் நூலில் இன்னும் ஓரடி முன்செல்கின்றார். தாயகம் திரும்பிய சுவிஸ் நாட்டவர் ஏமாற்றமடைந்து, அதனாலேயே நோய் தீர்ந்தனர் என்பது அவர் கூற்று. அங்கே எல்லாம் மாறிவிட்டன என அவர்கள் எண்ணினர். உண்மையோ, தமது இளமையை அங்கு மீட்க முடியாமற் போனமையே. இடத்துக்கான ஏக்கம் எனத் தோன்றியது காலத்துக்கான ஏக்கமாயிருந்தது. ஊருக்குத் திரும்பிச் செல்லப் பாதை உண்டு. பதினெட்டாம் வயதுக்குத் திரும்பிச் செல்லப் பாதை இல்லை.

இவ்விரு சிந்தனையாளரின் கூற்றுகளையும் எமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தின் மீது பொருத்திப் பார்ப்போம். எமது முதியோர் 'அந்தக் காலம்' என்று சுட்டும்போது பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை பரப்பிய திரைப்பாடல்களே. 1925 இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே தென்கிழக்காசியாவிலிருந்த நேசப் படைகளுக்கென அமைக்கப்பட்ட நிலையத்தின் ஆற்றல்மிக்க சிற்றலைச் சாதனங்களை 1949 இல் 'றேடியோ சிலோன்' சுவீகரித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே வர்த்தக ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. படையினருக்காக நாட்டிய கோபுரம் பாட்டுக்குப் பயன்பட்டது, வரலாற்றின் சிறு குறும்புகளில் ஒன்று.

இதே காலப்பகுதியில் இந்தியாவில் நிகழ்ந்தது எமது வினாவுக்கு மிக முக்கியமானது. 1952 இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையில் மிகுந்த ஈடுபாடுடையவர். திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன எனக் கருதியவர். அவரது கொள்கையின் விளைவாக அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகி மறைந்தன. கேட்போரோ கொழும்பை நோக்கித் தமது வானொலிப் பெட்டிகளின் முள்ளைத் திருப்பினர். 1957 இல் விவித பாரதி தொடங்கும் வரையும், அதன் பின்னருங்கூட, தமிழகத்தின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இலங்கைக் குரல் ஒலித்தது. மயில்வாகனத்தின் குரலையும் பிற்காலத்தே கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களையும் கடல் கடந்து அடையாளங் காண்போர் இன்றும் உளர்.

இன்று 'பொற்காலம்' எனப் போற்றப்படும் இசை, தான் பிறந்த காலத்திலே சீரழிவின் அடையாளமாகக் கருதப்பட்டது என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது. அக்கார்டியனும் பொங்கோவும் கிற்றாரும் தென்னமெரிக்கத் தாளங்களும் கலந்த ஐம்பதுகள், அறுபதுகளின் மெட்டுகளை, 1944 இல் வந்த 'ஹரிதாஸ்' படத்திலே தியாகராஜ பாகவதரின் குரலில் இராகத்தைப் பருகிய செவி எவ்வாறு கேட்டிருக்கும்? அச்செவிக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையரே வீழ்ச்சி. அவர்களோடு வளர்ந்தோருக்கு 1976 இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா வீழ்ச்சி. இளையராஜாவோடு வளர்ந்தோருக்கு 1992 இல் 'றோஜா'வோடு வந்த ரஹ்மான் வீழ்ச்சி. எழுபதுகளிலே எமது நாட்டில் நித்தி கனகரத்தினமும் 'சிலோன்' மனோகரும் பாடிய பொப் பாடல்களும் இன்று பொற்காலப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பின் வந்ததைக் குறித்துச் சாட்சி சொல்கின்றது. அதற்கு முன்னைய தலைமுறையோ அதே சொற்களால் அச்சாட்சியையே மறுத்துச் சொல்லியிருக்கின்றது. எல்லோர் கூற்றும் உண்மையாயின் இசை எண்பது ஆண்டுகளாக ஓயாது வீழ்ந்துகொண்டிருக்க வேண்டும். அவ்வாறாயின் எந்தத் தலைமுறையும் தனது இளமைக்காலப் பாடலைச் சிகரம் என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகின்றது. தன் பாட்டனுக்குச் செவிசாய்க்காத ஒருவர் தன் பேரனைத் தமக்குச் செவிசாய்க்கச் சொல்கின்றார் என்பதே இதன் எளிய பொருள்.

உளவியல் சார்ந்த ஆய்வொன்றையும் ஈண்டுச் சுட்டலாம். 1989 இல் ஹோல்புறூக், ஷிண்ட்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெவ்வேறு ஆண்டுகளிற் புகழ்பெற்ற பாடல்களைப் பல வயதினரிடம் ஒலிக்கச் செய்து விருப்பத்தை அளந்தனர். கேட்போருக்கு ஏறத்தாழ 24 வயதாயிருந்த காலத்துப் பாடல்களே உச்ச விருப்பத்தைப் பெற்றன. ஆய்வுக்குட்பட்டோர் தொகை 108 மாத்திரமே. ஆதலின் அவ்வெண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஆயினும் அது காட்டும் திசை அனுபவத்தோடு பொருந்துகின்றது.

இவ்விடத்தில் அவசர முடிவொன்றுக்கு வருவோர் பலர். விருப்பத்தின் காரணம் தெரிந்துவிட்டது, எனவே விருப்பம் பொய் என்பர். இது தோற்றத்தைக் கொண்டு தகுதியை அளக்கும் தவறு. தாய்மொழி மீதான பற்றும் குழந்தைப் பருவப் பழக்கத்தாலேயே உண்டாகின்றது; அதனால் அம்மொழி வளமற்றது என்று ஆகிவிடாது. பற்றின் காரணத்தை அறிதல் பற்றைப் பொய்ப்பிப்பதில்லை. பற்றினைச் சான்றாகக் காட்டும் உரிமையையே அது பறிக்கின்றது. "எனக்குக் கண்ணீர் வருகின்றது" என்பது பாடலைப் பற்றிய செய்தியன்று, என்னைப் பற்றிய செய்தி. பாடலைப் பற்றிப் பேச வேண்டுமாயின், அந்த வயதில் அதைக் கேட்டிராதவரும் காது கொடுத்துச் சோதிக்கக்கூடிய நியாயங்கள் வேண்டும்.

அத்தகைய நியாயங்கள் இல்லாமலில்லை. எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். அவ்வெல்லைக்குள் பல்லவியும் சரணங்களும் இடையிசையும் அடங்க வேண்டியிருந்தமையால் சொற்சிக்கனம் கட்டாயமாயிற்று. பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் நின்று ஒலிப்பதிவு செய்தமையால் ஒருவர் மூச்சுக்கு மற்றவர் செவிசாய்க்க வேண்டியிருந்தது. இருபத்தொன்பது வயதிலேயே, 1959 இல், மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வயல்வெளிப் பேச்சைத் திரைப்பாடலின் மொழியாக்கிய திறம், பாடலைக் கேளாது ஏட்டிற் படிப்பவருக்கும் புலனாவது. இவை வாதிக்கத்தக்கவை. எதிர்ப்பக்கத்திலும் வாதிக்க நிறையவுண்டு: பல தடங்களிற் பிரித்துப் பதியும் வசதி வந்தபின் ஒலியின் நிறங்களிலும் அடுக்குகளிலும் கிடைத்த நுட்பத்தை அக்காலத்தவர் கனவிலும் காணவில்லை. மேலும், காலம் ஒரு சல்லடை. அறுபதுகளின் பாடல்களில் எஞ்சியவற்றை மாத்திரம் எடுத்து, இன்றைய பாடல்கள் அனைத்தோடும் ஒப்பிடுகின்றோம். அன்று வானொலியில் ஒலித்து ஒரு மாதத்தில் மறக்கப்பட்டவற்றை எவரும் பொற்காலப் பட்டியலிற் சேர்ப்பதில்லை.

ஏக்கம் முற்றிலும் தன்னைப் பற்றியதுதான் என்றும் கூறிவிடுவதற்கில்லை. அது சில வேளைகளில் உண்மையான ஓர் இழப்பைத் தொட்டுவிட்டு, அதற்குப் பிழையான பெயர் சூட்டுகின்றது. 'பொங்கும் பூம்புனல்' ஒலித்த காலைப்பொழுதை எண்ணிப் பார்க்க. ஒரு பாடலைக் கேட்க விரும்பியவர் தபாலட்டை எழுதினார், காத்திருந்தார், பாடல் வருமோ வராதோ என்பது அறிவிப்பாளரின் கையில் இருந்தது. வந்தபோது அது அவருக்கு மட்டும் வரவில்லை. யாழ்ப்பாணத்துச் சலூனிலும் மட்டக்களப்பு வீட்டிலும் அற்றன் லயத்திலும் தூத்துக்குடித் தெருவிலும் அதே கணத்தில் அதே பாடல் கேட்கப்பட்டது. இன்றைய இளைஞர் விரும்பிய பாடலை விரும்பிய கணத்தில் தமது கைத்தொலைபேசியில் அழைத்துக்கொள்கின்றார். பக்கத்தில் இருப்பவர் எதைக் கேட்கிறார் என்பதை அவர் அறியார். மறைந்தது பாடலின் தரமன்று. கூட்டாகக் கேட்டல் என்னும் சமூகச் செயல். பாடல்களைப் பற்றி முறையிடும் முதியவர் உண்மையிற் பேசுவது அதைப் பற்றியாயின், அவரது குறைகூறல் செவிமடுக்கத்தக்கது. ஆனால் அதற்கு இன்றைய இசையமைப்பாளரைக் குற்றஞ்சாட்டிப் பயனில்லை.

இனி, இவ்விடயத்தின் அறஞ்சார்ந்த பக்கம். பாடல் நினைவுக் குறியாயின், அது எதை நினைவூட்டுகின்றது, எதை விட்டுவிடுகின்றது என்ற கேள்வி எழுகின்றது. அறுபதுகளின் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடையை அப்பாடல்களோடு இணைத்து நினைவுகூராதவர் அரிது. ஆனால் அதே கடைகளில் உள்ளே அமரவும் பிறர் அருந்திய குவளையில் அருந்தவும் உரிமை மறுக்கப்பட்டோர் இருந்தனர். 1966 ஒக்ரோபரில் எழுந்த தீண்டாமை எதிர்ப்பு இயக்கத்தின் பின் தேநீர்க் கடைப் பிரவேசமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசமும் போராட்டங்களாக வெடித்தமை வரலாறு. கே. டானியல் 1972 இல் 'பஞ்சமர்' எழுதியது இவ்வுலகைப் பற்றியே. மலையகத்தில் 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, எந்தக் கரையில் வாழ்வது என்பதை இலட்சக்கணக்கானோருக்காக வேறு இருவர் தீர்மானித்த ஒப்பந்தம். லயத்து வானொலியில் அப்பாடல்களைக் கேட்ட குடும்பங்கள் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தன.

"அந்தக் காலத்தில் நாம் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தோம்" என்று பாட்டுக் கேட்டு உருகுபவரிடம் வேறெதையும் கேட்க வேண்டாம். அந்த 'நாம்' யார் என்று மாத்திரம் கேட்கலாம். பிழை உருகுதலில் இல்லை, அச்சொல்லில் உள்ளது. தன் இளமையின் இனிமையைச் சொல்ல 'நான்' போதுமானது. 'நாம்' என்றதும் அது வரலாற்றுக் கூற்றாகிவிடுகின்றது. வாசலில் நின்றவருக்கும் சேர்த்து அது மகிழ்ச்சியை அறிவித்துவிடுகின்றது. இதற்காக அப்பாடல்களைக் கேட்பதே குற்றம் என்போரும் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. வாசலில் நின்றவரும் அதே பாடல்களை விரும்பினார். அவருக்கும் அவற்றின் மீது ஏக்கம் உண்டு. அவரது நினைவில் வாசற்படியும் சேர்ந்து வருகின்றது என்பதே வேறுபாடு. உள்ளே அமர்ந்திருந்தவரின் நினைவில் அவ்வாசற்படி இல்லாமற் போனது பாடலின் குற்றமன்று, பார்வையின் குற்றம்.

ஏக்கம் என்பது கடந்த காலம் நல்லது என்னும் தீர்ப்பு அன்று என்பதற்கு, அண்மைய வரலாற்றிலிருந்து இன்னும் வலுவான உதாரணம் காட்டலாம். தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளை நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னில் வானொலியையும் கசெற்றையும் இயக்கினர். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் குரல் இழுபட்டுத் தளர்ந்தது. குண்டுவீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் இடையே அவ்வாறு கேட்ட பாடல்கள், இன்று நாற்பதுகளின் பிற்பகுதியிலும் ஐம்பதுகளிலும் நிற்பவரின் இளமைக்காலப் பாடல்கள். அவற்றை மீளக் கேட்கையில் அவர்கள் நெஞ்சு நெகிழ்கின்றது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று கைகூப்புவார்கள். ஒருவர் ஏங்குகின்றார், ஏங்கப்படும் காலத்தையோ மறுக்கின்றார். ஏக்கமும் மதிப்பீடும் ஒன்றாயின் இது முரண்பாடாகும். ஆனால் அவரிடத்து முரண்பாடு ஏதும் இல்லை. அவர் நாடுவது அக்காலத்தை அன்று. அத்தனை இருளிலும் ஒரு பாடலுக்காகச் சில்லுச் சுழற்றக்கூடியவராயிருந்த தம்மையே. கான்ற் கூறியது இவரிடத்திலே, எந்தச் சுவிஸ் வீரனிடத்திலும் பார்க்க, தெளிவாக விளங்குகின்றது.

எமது இலக்கிய மரபு இவ்வேறுபாட்டை மிக முன்னரே அறிந்திருந்தது. புறநானூற்றின் 243 ஆம் பாட்டு, தொடித்தலை விழுத்தண்டினார் என்று ஊன்றுகோலாலேயே பெயர் பெற்ற புலவருடையது. மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், தோழியரோடு கைகோத்து ஆடியதும், மருத மரக்கிளையேறி ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் ஆகிய இளமையை, இருமலிடையே சில சொற்களே பேசும் முதுமையில் நின்று அவர் எண்ணி இரங்குகின்றார். அந்த இளமை எங்கே உளதோ என்று மாத்திரமே அவர் கேட்கின்றார். இக்காலத்துச் சிறுவர்க்குக் குதிக்கத் தெரியவில்லை என்று அவர் எங்கும் கூறவில்லை. மடுவின் நீர் கெட்டுவிட்டது என்றும் கூறவில்லை. ஈராயிரம் ஆண்டுகளாக அப்பாட்டு நிலைத்திருப்பதற்கு இத்தூய்மையும் ஒரு காரணம் என்றே கருத வேண்டியுள்ளது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் நடைபெறும் 'பழைய பாடல்' இரவுகளைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. மேடையிலே முதியோர் பாடுகின்றனர். அருகே அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமர்த்தப்பட்டுள்ளனர். அமர்த்தப்பட்டுள்ளனர் என்ற சொல் வேண்டியே இடப்பட்டது. இப்பாடல்களை நேசித்தல் தமிழராயிருத்தலின் அடையாளம் என்றும், நேசியாமை ஒருவகைத் துரோகம் என்றும் அப்பிள்ளைகளுக்கு உணர்த்தப்படுவது உண்டு. இது அநீதி. குறி என்பது அனுபவம் உடையவரிடத்தே மட்டும் தொழிற்படும். மாடு மேய்ப்போரின் மெட்டைக் கேட்டு அந்நியன் அழவில்லை என்பதற்காக எவரும் அவனைக் கடிந்துகொண்டதில்லை. தன் இளமையைப் பிறருக்குக் கடமையாக விதிக்க எவருக்கும் உரிமை கிடையாது. பிள்ளைகளுக்குக் கையளிக்கக்கூடியது பாடல் மாத்திரமே, அதுவும் இசையாகவும் சொல்லாகவும். இந்த இடத்தில் குழல் எப்படி நுழைகின்றது பார், இந்தச் சொல் இங்கே ஏன் விழுகின்றது பார் என்று காட்டி. காட்டிய பின்னும் அவர்கள் எழுந்து சென்றால், செல்லட்டும்.

ரூசோவின் காலத்திலேயே சுவிஸ் மக்களை அழவைக்கும் ஆற்றலை இழந்துவிட்ட அந்த மெட்டுக்குப் பின்னர் நேர்ந்தது இது. 1829 இல் பாரிஸ் நகரில் அரங்கேறிய 'வில்லியம் ரெல்' இசைநாடகத்தின் முகப்பிசையில், ரொசினி அவ்வகை மேய்ச்சல் மெட்டு ஒன்றைக் குழலிசையில் அமைத்தார். மலையையும் மாட்டையும் படைமுகாமையும் அறியாதோர் இன்றும் உலகெங்கும் அதனைக் கேட்டு மகிழ்கின்றனர். குறி அழிந்த பின் இசை எஞ்சிற்று. அவ்வாறே எமது பாடல்களிலும் எவை எஞ்சும் என்பதை, அவற்றைக் கேட்டுக் கண் கலங்கும் எம்மாற் சொல்லிவிட முடியாது. அதற்கு, இலங்கை வானொலியின் காலைப்பொழுதையோ டைனமோவின் ஓசையையோ அறியாத ஒருவர், தற்செயலாக ஒருநாள் அவற்றில் ஒன்றைக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை ஒலிக்க விடுங்கள் என்று சொல்ல வேண்டும்.